வலப்பக்கம் சாய்ந்த முத்திரை

பூமாலை அண்ணனின் இடது கைப் பெருவிரல் நகத்தோரத்தில் கறுப்பு மை பிறை மாதிரி ஏறி நின்றுவிட்டது. மண்ணெண்ணெய், எலுமிச்சைத் தோல், செங்கல் பொடி எதற்கும் அது அசையவில்லை. "நான் எங்கியாச்சும் செத்துக் கெடந்தா போலீஸ்காரன் தேடவே வேணாம் சார். வெரலப் பாத்துட்டு நேரா போஸ்டாபீசுக்கு வந்துருவான்" என்பார்.

பெரம்பலூர் தபால் ஆபீசில் அவர் ஸ்டாம்பர். வருகிற, போகிற தபால்களின் மேல் முத்திரை குத்துவது வேலை. 1980-இல் நான் அங்கே எழுத்தராகச் சேர்ந்தபோது என் மேசைக்கும் அவர் மேசைக்கும் நடுவில் ஒரு மர அலமாரி இருந்தது. முகத்தைப் பார்த்துப் பழகுவதற்கு முன் சத்தத்தைக் கேட்டுத்தான் அவரைப் பழகினேன். மை அட்டையில் ஒரு தட்டு, தபாலில் ஒரு குத்து. மழை ஓட்டின் மேல் யோசித்து யோசித்துப் பெய்கிற மாதிரி இருக்கும். சத்தம் நின்றால் அவர் ஏதோ ஒரு கவரைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

சிறுவாச்சூர்க்காரர். அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. மெயில் பை தூக்கும் ஆளாகத் தற்காலிகமாக வந்து, மூன்று வருடம் கழித்து முத்திரைக் கட்டையைக் கையில் வாங்கினார். அன்றைய போஸ்ட் மாஸ்டர் கண்டுபிடித்த முதல் குற்றம், அவர் இடது கைக்காரர் என்பது.

முத்திரையில் தினமும் காலையில் தேதி எழுத்துகளை மாற்றியதும் முதல் குத்தை ஒரு நோட்டில் குத்த வேண்டும். தேதி சரி என்று போஸ்ட் மாஸ்டர் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகுதான் தபாலைத் தொடலாம். அந்த நோட்டுகளைப் புரட்டினால் பூமாலை அண்ணன் எந்த நாள் வேலைக்கு வந்தார், எந்த நாள் லீவு என்று கண்ணை அரைகுறையாக மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். வலது கைக்காரர் குத்தினால் எழுத்து லேசாக இடப்பக்கம் சாயும். அவர் குத்தினால் வலப்பக்கம் சாயும்.

"சோத்துக்கையால குத்துய்யா, நொட்டாங்கையி பூராம் கோணலா போவுது" என்று அந்த அதிகாரி மூன்று மாதம் கத்தியிருக்கிறார். இவரும் முயன்று பார்த்தார். வலது கையால் குத்திய கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்டாம்பின் மேல் விழாமல் விலாசத்தின் மேல் விழுந்தது. தபால்காரர்கள் ஊர்ப் பெயர் தெரியாமல் வந்து சண்டை போட்டார்கள். அதற்கப்புறம் கோணலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அவர் விக்டோரியா ராணியின் ஸ்டாம்புகளைச் சேர்க்கிறவர் என்று தெரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. அவர் யாரிடமும் சொல்வதில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கவிதைப் பத்திரிகை எதையாவது பிரித்து வைத்துக்கொண்டிருப்பேன். அவர் அலமாரிக்கு அந்தப் பக்கம் ஒரு நீள நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பார். இருவரும் மற்றவர் கேட்டுவிடக்கூடாதே என்ற பயத்தில் பக்கத்தைத் திருப்புவோம். ஒரு நாள் அவர்தான் எட்டிப் பார்த்தார்.

"என்னா சார், பக்கத்துல நாலே வரிதான் இருக்கு. மிச்சத்த எலி தின்னுடுச்சா?"

"அவ்வளவுதான் அண்ணே எழுதியிருக்காங்க."

"நம்ம நோட்டும் அப்பிடித்தான்" என்று சிரித்துக்கொண்டே காட்டினார். ஒரு பக்கத்துக்கு நான்கைந்து ஸ்டாம்புகள். அரை அணா நீலம், ஒரு அணா பழுப்பு. நூறு வருடத்துக்கு மேற்பட்டவை. ஒன்றில்கூட ராணியின் முகம் முழுசாக இல்லை. கன்னத்தில், கழுத்தில், கிரீடத்தில் கறுப்புப் புள்ளிகளும் கோடுகளும் அப்பிக் கிடந்தன.

எப்படி ஆரம்பித்தது என்று அன்று சொன்னார். 1972-இல் ஒரு வேலையாகத் திருச்சி போனவர், தெப்பக்குளம் பக்கத்தில் ஒரு ஸ்டாம்பு கடை வாசலில் நின்றிருக்கிறார். கண்ணாடிக்குள் சுத்தமான ராணிகள். கீழே ஒரு அட்டைப் பெட்டியில் கழித்துப் போட்ட ராணிகள். இவர் குனிந்து அட்டைப் பெட்டியைக் கிளறினார்.

"மூஞ்சியே தெரியாதத எதுக்குய்யா எடுக்குற?" என்று கடைக்காரர் கேட்டார்.

"மூஞ்சி வேணாங்க. குத்துதான் வேணும்."

கடைக்காரர் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்துவிட்டாராம்.

"யோசிச்சுப் பாருங்க சார். அது ராணியம்மா. நாட்டுக்கே எசமானி. அது மூஞ்சில கரியப் பூசுறதுக்குன்னு ஒருத்தன வேலைக்கு வச்சிருக்காங்க. அவனும் என்னய மாதிரி காலையில வந்து, மைய ஊத்தி, கையத் தொடச்சிக்கிட்டு நின்னுருப்பான். படம் வரஞ்சவன் பேரு புஸ்தகத்துல இருக்கு. இவன் பேரு இருக்கா? இந்தக் குத்து மட்டுந்தான் இருக்கு."

அந்தக் குத்துகளில் ஒரு சங்கதி இருந்தது. அக்காலத்தில் ஒவ்வொரு தபால் ஆபீசுக்கும் ஒரு எண். ஸ்டாம்பின் மேல் விழும் முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்காது. சாய்சதுரமாகப் புள்ளிகள் அல்லது கோடுகள், நடுவில் அந்த எண், அவ்வளவுதான். ஊரும் தேதியும் உள்ள முத்திரையைக் கடிதத்தின் பின்பக்கம் தனியாகக் குத்துவார்கள். ஸ்டாம்பைக் கடிதத்திலிருந்து உரித்து எடுத்துவிட்டால் எண் மட்டும் நம் கையில் நிற்கும். ஊர் கடிதத்தோடு போய்விடும். திருச்சிக் கடைக்காரரிடம் ஒரு பட்டியல் இருந்தது. எந்த எண் எந்த ஊர் என்று அதில் தட்டச்சு செய்திருந்தார்கள். பாதி எண்களுக்கு நேரே கேள்விக்குறி.

நீள நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு ஸ்டாம்புகளை மட்டும் தனியாக ஒட்டியிருந்தார். நான்கிலும் ஒரே எண். கேள்விக்குறி போட்ட எண்களில் ஒன்று. நான்கிலும் எண் வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

"நம்மாளு" என்றார் பூமாலை அண்ணன்.

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"நொட்டாங்கை சார். வேற யாரு குத்துனாலும் இப்பிடி விழாது. எல்லா ஊருக் குத்தும் பாத்துட்டேன், இவன் ஒருத்தந்தான் இப்பிடி." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நம்ம ஆபீசுதான்னு நெனக்கிறேன். இங்கதான் ஒக்காந்துருப்பான்."

ஏன் இங்கே என்று கேட்டேன். அவர் கட்டையை எடுத்து மையில் தட்டினார்.

1982 பிப்ரவரியில் அவருக்கு அரியலூருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. பெரம்பலூர்த் தபால் எல்லாம் ரயிலேற அரியலூருக்குத்தான் போகும். மெயில் பைகளுக்குச் சீல் வைத்துத் தினமும் அந்த ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தவரை அந்த ஊரே கூப்பிட்டது. அவருக்கு முகம் விழுந்துவிட்டது.

போஸ்ட் மாஸ்டர் வைத்திலிங்கம் சார் நல்ல மனிதர், சத்தம் மட்டும் பெரிது. "என்னய்யா, துபாய்க்கா போகச் சொன்னாங்க? முப்பது கிலோமீட்டர். சிமெண்டுத் தூசி கொஞ்சம் தின்னா செத்தா போயிடுவ? முடியாதுன்னா மனு எழுதிக் கொடு, அனுப்புறேன்."

மனு எழுத என்னிடம் வந்தார். சிறுவாச்சூரில் வீடு, மனைவி மலர்க்கொடி வளர்க்கும் இரண்டு எருமை, படிக்கிற பிள்ளைகள். இதெல்லாம் மேலே எடுபடாது என்று வயதான தாயார் நோயில் படுத்த படுக்கையாக இருப்பதாக எழுதினேன். எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. அந்தத் தாயார் வீராயி அம்மாளை அதற்கு முந்தின வாரம்தான் விறகுக் கட்டோடு ரோட்டில் பார்த்திருந்தேன்.

"அண்ணே, உண்மையான காரணம் என்ன?"

"அத எழுத முடியாது சார்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவன் இங்க ஒக்காந்தவனா இருந்தா? அத விட்டுட்டு எப்பிடிப் போறது?"

மனு போய்ப் பத்து நாள் இருக்கும். லப்பைக்குடிக்காட்டிலிருந்து நசீருதீன் வந்தார். குவைத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், இரண்டு மாத லீவில் ஊருக்கு வந்திருந்தார். கூட்டாளி ஒருவனுக்கு ரிஜிஸ்டர் தபால் அனுப்ப நின்றவர், பூமாலை அண்ணன் ஸ்டாம்பின் மேல் குறி பார்த்துக் குத்துவதைக் கவனித்துவிட்டுச் சிரித்தார்.

"என்னாண்ணே, கேரம் போர்டு ஆடுற மாதிரி பாத்துப் பாத்துக் குத்துறீங்க? எங்க வூட்டுல ராணி தல ஸ்டாம்பு ஒட்டுன காயிதம் ஒரு பெட்டி கெடக்கு. அதுல குத்துனவனப் பாத்தா நீங்க அடிச்சே போட்டுருவீங்க. அவ்வளவு அசிங்கமா குத்தி வச்சிருக்கான்."

பூமாலை அண்ணன் கட்டையைக் கீழே வைத்தார். நசீருதீனே சொல்லிக்கொண்டு போனார். அவருடைய முப்பாட்டனாரின் அப்பா நாகப்பட்டினத்தில் தோல் வியாபாரம் செய்தவர். ஊரிலிருந்து அவர் மனைவி எழுதிய கடிதங்களை ஒன்று விடாமல் வைத்திருந்து, ஊர் திரும்பும்போது பெட்டியோடு கொண்டுவந்தாராம். ஆக, அவை இங்கிருந்து தபாலில் போன கடிதங்கள். இந்தப் பக்கத்து ஆபீசுகளில் முத்திரை வாங்கியவை.

"ஞாயித்துக்கெழமை வாங்க. ஒங்களுக்கு இல்லாததா" என்று சொல்லிவிட்டு அவர் போனார். அன்று சாயங்காலம் அரியலூருக்குப் போன தபால் கட்டில் நாற்பது கடிதங்களில் முத்திரையே இல்லை. மையில் தட்ட மறந்து வெறும் கட்டையால் குத்தியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு போனார். "நீங்க கூட இருங்க சார். எனக்கு வாய் கொளறிரும்." எனக்கு மட்டும் சரளமாக வரும் என்ற மாதிரி. பஸ்ஸில் சட்டைப் பைக்குள் நீள நோட்டின் கடைசிப் பக்கத்தை மடித்து வைத்திருந்தார். வழியெல்லாம் கை அதையே தொட்டுக்கொண்டிருந்தது.

நசீருதீன் வீட்டின் முன்பக்கம் புதிய கான்கிரீட், பின்பக்கம் பழைய ஓடு. டேப் ரிக்கார்டருக்கு வெல்வெட் உறை போட்டிருந்தது. உட்கார்ந்ததும் ரோஸ் மில்க் வந்தது. அதை முடிப்பதற்குள் நசீருதீன் ஒரு புது போட்டோ ஆல்பத்தைக் கொண்டுவந்து பூமாலை அண்ணன் மடியில் வைத்தார்.

"தொறங்க, தொறங்க."

முதல் பக்கத்தில், பளபளக்கும் பிளாஸ்டிக் தாளுக்கு அடியில், பதினான்கு ராணிகள். வட்டமாக, பூவிதழ் மாதிரி அடுக்கப்பட்டிருந்தன.

"குவைத்துல எங்க ஆபீஸ் மலையாளி ஒருத்தன் இப்பிடித்தான் சேப்பான். ஈரத் துணிய மேல வச்சு, ஊற வுட்டு, மொல்லமா உரிக்கணும். மூணு நாளா ஒக்காந்து பண்ணுனேன். ஒரு ஓரங்கூடக் கிழியல பாருங்க!"

பூமாலை அண்ணன் பிளாஸ்டிக் தாளின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நகத்து மைப் பிறை மட்டும் எனக்குத் தெரிந்தது. ஊரைச் சொல்லும் கடிதம் வேறு, எண்ணைச் சொல்லும் ஸ்டாம்பு வேறு ஆகிவிட்டது. பதினான்கும் திருச்சி அட்டைப் பெட்டிக் குப்பையாகிவிட்டன.

"ரொம்ப நல்லாருக்குங்க" என்றார். பிறகு, "காயிதமெல்லாம் எங்கங்க?"

பதில் உள்ளே கதவோரத்திலிருந்து வந்தது. நசீருதீனின் மாமி ஜைனம்பு. ஐம்பது வயது இருக்கும். தெருப் பெண் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுப்பவர். முக்காட்டைச் சரி செய்துகொண்டு வெளியே வந்தார்.

"காயிதம் எங்கிட்ட இருக்குங்க. எல்லாம் அரபுத் தமிழ். எழுத்து அரபு, பேச்சு நம்ம பேச்சு. இந்தப் புள்ளைங்க யாருக்கும் வாசிக்கத் தெரியாது. கரையான் வேற புடிச்சிருச்சு. அல்லா பேரு எழுதுன காயிதத்தக் குப்பையில போட முடியுமா, அடுப்புலதான் வைக்க முடியுமா? வெள்ளிக்கெழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சதும் பள்ளிவாசலுக்குப் பின்னால குழி வெட்டி அடக்கம் பண்ணச் சொல்லி அஜரத்துகிட்டச் சொல்லியாச்சு."

பூமாலை அண்ணன் எழுந்து நின்றார். "ஒரே ஒரு தடவ பாத்துக்கறேங்க. உள்ள எழுதுனது எனக்கு வேணாம். வெளிப்பக்கம் போதும்."

"உள்ளயும் வெளியயும் ஒரே தாளுதானுங்களே. மடிச்சு மேல வெலாசம் எழுதியிருக்கு."

"ஸ்டாம்பு ஒட்டியிருந்த எடத்துல பாதிக் குத்து காயிதத்துலயே நின்னுருக்கும். மீதிப் பாதி ஸ்டாம்போட வந்துருக்கும். சேத்துப் பாத்தா எது எதுலேருந்து வந்துச்சுன்னு நான் சொல்லிருவேங்க."

நசீருதீனுக்கு அப்போதுதான் உறைத்தது. "அடடா! உரிச்சது தப்பாண்ணே?"

"தப்பெல்லாம் இல்லிங்க. ஒங்க அன்புக்குப் பண்ணுனீங்க."

ஜைனம்பு உள்ளே போய்க் கை கால் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கூடத்தில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்தார். துணி மூட்டையை அவிழ்த்துக் கடிதங்களை அதன் மேல் வரிசையாக வைத்தார். "ஸ்டாம்பு ஒங்க கையில, காயிதம் எங்கையில. தொடாம பாத்துக்குங்க."

ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு சின்ன வெளுத்த சதுரம். சதுரத்தைச் சுற்றி அறுந்த கோடுகளும் புள்ளிகளும். பூமாலை அண்ணன் ஆல்பத்தின் பிளாஸ்டிக்கைத் தூக்கி, இடுக்கியால் ஒரு ஸ்டாம்பை எடுத்தார். கண்ணால் தேடுவார் என்று நினைத்தேன். அவர் இடது கையை மடக்கிக் காற்றில் ஒரு குத்துக் குத்திப் பார்த்தார். இன்னொரு முறை, கையைத் திருப்பி, வலது கைக்காரன் மாதிரி. பிறகு நேராக ஏழாவது கடிதத்தின் மேல் கொண்டுபோய், தாளைத் தொடாமல், மேலாகப் பிடித்தார். அறுந்த கோடுகள் போய்ச் சேர்ந்துகொண்டன.

"யா அல்லா" என்றார் நசீருதீன். "திருப்புங்க மாமி, திருப்புங்க."

பின்பக்கத்தில் வட்ட முத்திரை. மங்கலாக இருந்தாலும் ஆங்கில எழுத்துகளில் பெரம்பலூரைப் படிக்க முடிந்தது. ஒவ்வொன்றாக ஒன்பது கடிதங்கள் பெரம்பலூருக்கு வந்து நின்றன. ஒன்பதிலும் ஒரே எண். பத்து வருடமாகத் தெரியாமல் கிடந்த எங்கள் ஆபீஸ் எண் அந்த வேட்டியின் மேல் ஒன்பது முறை எழுதிக் கிடந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவரைப் பார்த்தேன். அவர் மடித்த நோட்டுத் தாளைப் பைக்குள்ளிருந்து எடுக்கவே இல்லை. எடுக்கத் தேவையில்லை. வேறு எண். ஒன்பதும் இடப்பக்கம் சாய்ந்தவை. அரைகுறையாக, அவசரமாக, பாதி ஸ்டாம்புக்கு வெளியே விழுந்தவை.

"இது நம்ம ஊரு சார்" என்றார் என்னிடம். "நம்மாளு இல்ல. எவனோ சோம்பேறிப் பய."

மிச்சம் ஐந்தில் நான்கு, வழிப்பயணம் போன யார் யாரோ வேறு ஊர்களில் போட்டவை. கடைசி ஸ்டாம்பு ஒரு அரை அணா நீலம். புள்ளிகளுக்கு நடுவில் அந்த எண், வலப்பக்கம் சாய்ந்து. நோட்டில் இருக்கும் நான்கின் ஐந்தாவது. கடைசிக் கடிதத்தின் மேல் பிடித்தார். பொருந்தியது. ஜைனம்பு தாளைத் திருப்பினார். பின்பக்க வட்ட முத்திரையைக் கரையான் தின்றிருந்தது. வளைவு ஒன்று மட்டும் மிச்சம். ஒரு எழுத்துகூட இல்லை.

ரோஸ் மில்க் டம்ளரில் ஒரு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

"எந்த ஊருன்னு தெரியணும், அவ்வளவுதானுங்களே?" என்றார் ஜைனம்பு. தாளை மெதுவாக விரித்தார். வலமிருந்து இடமாக அவர் கண் ஓடியது. ஒரு இடத்தில் சிரித்தார். "இது ஒங்களுக்கு இல்ல" என்று சொல்லிக் கொஞ்சம் தாண்டிப் போனார். அப்புறம் விரலை வைத்துக்கொண்டு, ஓதுகிற குரலில் வாசித்தார்.

"'பெரம்பலூருக்குப் போகிற ஆள் காய்ச்சலில் படுத்துக் கிடப்பதால், அரியலூருக்கு மாட்டு வண்டி கட்டுகிற பாவா கையில் இதைக் கொடுத்து, அங்கே தபாலில் போடச் சொன்னேன். நாள் பிந்தினதுக்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.'"

பூமாலை அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அரியலூரா?" என்றார். இரண்டு முறை கேட்டார்.

கிளம்புவதற்கு முன்பு அவர் ஒன்று கேட்டார். கேட்கக்கூடாது என்று தெரிந்தே கேட்டார். "இந்த ஒண்ண மட்டும் நான் வச்சுக்கலாங்களா? பூசையறையில வக்கிற மாதிரி வச்சுக்குவேன்."

ஜைனம்பு தாளை மடித்தார். "அந்தம்மா புருசனுக்கு எழுதுனதுங்க. ஒங்க கையில இருந்தா பத்திரமாத்தான் இருக்கும். ஒங்களுக்குப் பின்னால யாரு கைக்குப் போவும்?"

அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. கொஞ்சம் கஞ்சிப் பசை கேட்டார். கடிதத்தை ஜைனம்பு பிடித்துக்கொள்ள, அந்த அரை அணா நீலத்தை அதன் பழைய சதுரத்தில் வைத்து, மைப் புள்ளிகள் பிசகாமல் ஒட்டினார்.

"மண்ணுக்குள்ள போறதுக்காண்ணே?" என்றார் நசீருதீன்.

"எங்க போனாலும் முழுசா போவட்டுங்க."

மற்ற பதின்மூன்றையும் ஆல்பத்தோடு எங்களிடம் கொடுத்தனுப்பினார்கள். பஸ்ஸில் அவர் அதைத் திறக்கவில்லை. சிறுவாச்சூருக்கு மாறும் இடத்தில் இறங்கும்போதுதான் பேசினார். "பதினெட்டு வருசமா அந்தச் சோம்பேறிப் பய நாற்காலியிலதான் ஒக்காந்துருக்கேன் போலருக்கு சார்."

அந்த வியாழக்கிழமை உத்தரவு வந்தது. தாயாரின் நோயை முன்னிட்டு மாற்றல் ரத்து. வைத்திலிங்கம் சார் தாளை ஆட்டிக்கொண்டே வந்தார். "பூமாலை! ஜெயிச்சிட்டய்யா. காபி வாங்கிக் கொடு."

பூமாலை அண்ணன் காபி வாங்கிக் கொடுத்தார். எனக்கும் ஒரு டம்ளரை வைத்துவிட்டு அலமாரிக்குப் பக்கத்தில் நின்றார். நகர்வதாக இல்லை.

"சார், கோவிச்சுக்காதீங்க. அந்த வயசான தாயார அரியலூருக்குக் கூட்டிட்டுப் போக முடியுமா?"

"என்னண்ணே?"

"மனுவுல சார். அவுங்க அரியலூருல எந்தங்கச்சி வூட்டுல இருக்காங்க, நான் போய்ப் பாத்துக்கணும்னு."

எழுதிக் கொடுத்தேன். வைத்திலிங்கம் சார் படித்துவிட்டு முதலில் என்னைப் பார்த்தார், பிறகு அவரை. "ஏன்யா, ஒங்கம்மா என்ன மெயில் பையா? இங்கேருந்து அங்க, அங்கேருந்து இங்க? மேல என்னைய என்னன்னு நெனப்பாங்க?" திட்டிக்கொண்டே சீல் வைத்து அனுப்பினார். ஸ்டாம்பர் கிடைக்காமல் அரியலூரில் தவித்துக்கொண்டிருந்ததால் ஒரே மாதத்தில் உத்தரவாகிவிட்டது.

அதற்குள் மலர்க்கொடி ஆபீசுக்கே வந்துவிட்டார். கவுண்ட்டர் கம்பிக்கு வெளியே நின்றுகொண்டு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"நீங்கதான சார் எழுதிக் கொடுக்கிற மவராசன்? எங்க மாமியாள எழுத்துலயே படுக்க வச்சீங்க. இப்ப எழுத்துலயே எழுப்பி அரியலூருக்கு நடக்க வச்சுட்டீங்க. அதுக்குச் சேதி தெரிஞ்சா வெறவுக் கட்டையத் தூக்கிட்டு வரும்."

நான் தலை நிமிரவில்லை. பூமாலை அண்ணன் உள்ளேயிருந்து, "சார்மேல ஏன் பாயிற? நான் கேட்டுத்தான் எழுதுனாரு" என்றார்.

"ஏங்க, செத்துப்போனவன் கூட வேல பாக்கவா இம்புட்டுத் தூரம் போறீங்க? எரும ரெண்டும் கெடக்கு, அதுங்கள எவன் பாப்பான்? அந்த நொட்டாங்கையன வந்து பால் கறக்கச் சொல்லுங்க!"

ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். மலர்க்கொடிக்கும் கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். முதல் ஆறு மாதம் பூமாலை அண்ணன் தினமும் இரண்டு பஸ் பிடித்துப் போய் வந்தார். பிறகு எருமையோடு குடும்பம் அரியலூருக்கே போய்விட்டது. வீராயி அம்மாள் மட்டும் வர மறுத்துச் சிறுவாச்சூரிலேயே இருந்துகொண்டார், நல்ல திடத்தோடு.

இரண்டு எண்களையும் நான் இங்கே எழுதவில்லை. இதை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது பூமாலை அண்ணன் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். "காயிதம் மண்ணுக்குள்ள போயிருச்சு. நாம பாத்தோம்கிறதத் தவிர ஆதாரம் கெடையாது. நாளைக்கு ஒருத்தர் வந்து தப்புன்னு நிரூபிச்சா, அந்த நொட்டாங்கை மனுசனுக்கு அவமானம் சார்." திருச்சிக் கடைக்காரருக்கு மட்டும் சொல்லியிருக்கிறார். அவர் நம்பாமல், பட்டியலில் கேள்விக்குறியை அழிக்காமல், பக்கத்தில் பென்சிலால் 'அரியலூர்?' என்று எழுதி வைத்துக்கொண்டாராம்.

அரியலூர் போன இரண்டாம் மாதம் எனக்கு ஒரு கவர் வந்தது. உள்ளே கோடு போட்ட தாளில் பத்துப் பன்னிரண்டு வரி.

'சாருக்கு வணக்கம். இங்கு வேலை அதிகம். சிமெண்டு ஆலைத் தபாலே ஒரு பை வரும். அந்தக் காலத்து ஆபீஸ் எந்தக் கட்டடத்தில் இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது எனக்குக் கொடுத்த மேசை மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு நேரே உள்ளது. மூன்று மணிக்கு மேல் வெயில் கண்ணில் அடிப்பதால் எல்லாரும் உடம்பைத் திருப்பிக்கொண்டுதான் குத்துகிறார்கள். வலது கைக்காரர் குத்துவதும் வலப்பக்கம் சாய்கிறது. நம்மாளுக்கும் இப்படி ஒரு ஜன்னல் இருந்து, நொட்டாங்கையே இல்லையோ என்று ஒரு வாரமாகச் சந்தேகமாக உள்ளது. இருந்தாலும் காலையில் நோட்டில் என் குத்து வலப்பக்கம் சாய்ந்து விழுவதைப் போஸ்ட் மாஸ்டர் ஒன்றும் சொல்வதில்லை.'

கவரைத் திருப்பிப் பார்த்தேன். முத்திரை பாதி ஸ்டாம்பின் மேலும் பாதி தாளின் மேலும் சரியாக விழுந்திருந்தது, வலப்பக்கம் சாய்ந்து. ஸ்டாம்பை உரிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.